பெயின்ட் உரிந்து பாசி பிடித்த பழைய மதில் சுவரைச் சீராக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் சுவருக்கு வண்ணம் அடிக்கும் காலம் மார்கழிக் கடைசி. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. அதாவது தோட்டத்து மதில் வருடத்திலேயே அதிகமாக ஊறிக் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் பிரஷ்ஷைக் கையில் எடுக்கிறோம்.

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும், உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிப் போகும். பிளாஸ்டிக் எமல்ஷன் வந்த பிறகும் நாம் அதே நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறப் பார்க்கும்போது அந்தத் தோலைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. அடுத்த மழையில் கொப்புளம் உடைகிறது, உடைந்த இடத்தில் தண்ணீர் நுழைகிறது, நுழைந்த இடத்தில் பாசி. அப்புறம் பொங்கல் வருகிறது, மேலே இன்னொரு கோட்.

ஆகவே சுத்தம் செய்வது தை, மாசியில். கொத்து வேலை பங்குனியில். வண்ணம் சித்திரை, வைகாசியில். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. மனதில் வைத்திருப்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டி, பிறகு தலைமுறை தலைமுறையாக வெள்ளை, டிஸ்டெம்பர், சிமென்ட் பெயின்ட், எமல்ஷன் என்று அடுக்கடுக்காக ஏறிய பழைய வீட்டு மதிலை. சிமென்டில் கட்டிய சுவர் என்றால் எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் சுவர் நிற்குமா என்று பாருங்கள்

பெயின்ட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு தூக்குக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு ஓர் இடமாக, சுவரின் உச்சியிலிருந்து நூலை இறக்கிப் பாருங்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிய விரிசல் தெரிந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு அனுபவமுள்ள கொத்தனாரிடம், முடிந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் மண் மேடாக இருந்து, சுவர் அந்த மண்ணைத் தாங்கி நிற்கிறது என்றால் இது கட்டாயம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் கனமழையில் மதில் சரிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மதில் சுவர்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

செங்கல் இடுக்கில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். மேலே தெரியும் தண்டை மட்டும் வெட்டினால் அது மறுபடி தழைக்கும், இன்னும் பருத்த வேருடன். அந்த இடத்தில் நான்கைந்து கல்லைப் பிரித்து, வேரை முழுசாக இழுத்தெடுத்துவிட்டு, மீண்டும் கல் வைத்துக் கட்டுவதுதான் நம்பகமான வழி. செடி விரல் பருமனில் இருக்கும்போதே செய்தால் அரை நாள் வேலை.

பாசி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

பாசியைத் தேய்த்து எடுக்கும் முன் அதைப் படித்துவிட வேண்டும். தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டாது. மழை விட்டவுடன், பாசி பச்சையாக இருக்கும்போதே சுவரை இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சுவரின் தலையிலும், அதிலிருந்து ஓரிரு அடி கீழ்வரையும் பாசி என்றால் சுவருக்கு மூடி சரியில்லை. மழைநீர் மேலிருந்து உள்ளே இறங்குகிறது. அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பட்டையாக இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரமும், மழைத்துளி தரையில் அடித்துத் தெறிப்பதும் காரணம். மேலிருந்து கீழாக ஒரே கோடாக இறங்கினால் நேர் மேலே பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், ஏசி தண்ணீர்க் குழாய், சுவர்மேல் சாய்ந்த முருங்கைக் கிளை, ஏதாவது ஒன்று இருக்கும். சுவர் முழுக்கக் கறுத்துப்போய், மென்மையான பச்சை மெத்தை எங்கும் இல்லை என்றால் அது வேறு வகை நுண்பாசி. வெயிலில் காய்ந்து கறுப்பாகும், மழையில் மீண்டும் உயிர்க்கும். பச்சைப் பாசி அளவுக்கு ஈரம் அதற்குத் தேவையில்லை.

உரிந்த பெயின்ட்டையும் இப்படியே பார்க்கலாம். உரிந்த சில்லின் பின்பக்கம் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் சுவரில் உப்பு இருக்கிறது. பின்பக்கம் பழைய சுண்ணாம்பு அடுக்கு அப்படியே சேர்ந்து வந்திருந்தால், சுண்ணாம்பின் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாவு போன்ற பரப்பில் பிளாஸ்டிக் தோல் பிடிக்காது. செங்கல் துகளே சேர்ந்து வந்தால் கல்லின் முகம் சிதையத் தொடங்கிவிட்டது.

தண்ணீரை நிறுத்துவது: பாதி வேலை இதுதான்

இதைச் செய்யாமல் பெயின்ட் அடிப்பதும் அடிக்காமல் இருப்பதும் ஒன்று.

சுவரின் தலையில் தொடங்குங்கள். பழைய மதில்களுக்குப் பெரும்பாலும் உச்சியில் அரைவட்டமாகச் சாந்து பூசியிருப்பார்கள். அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். விரிசல் கொஞ்சம்தான் என்றால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வரும் பகுதியை மட்டும் உடைத்துப் புதிதாகப் பூசலாம். பெரும்பகுதி போய்விட்டது என்றால் முழுவதையும் எடுத்துவிட்டு மூடி வையுங்கள். கடப்பா கல் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். சுவரின் அகலத்தைவிட இரு பக்கமும் இரண்டு அங்குலம் நீண்டிருக்கும்படி வெட்டி, தோட்டத்துப் பக்கம் லேசாகச் சரிவு கொடுத்துப் பதிக்க வேண்டும். நீண்டிருக்கும் பகுதியின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு வெட்டச் சொல்லுங்கள். கல் வெட்டும் இயந்திரத்தில் ஒரு இழுப்பு. அந்தக் கோடு இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு ஓடிச் சுவருக்கு வந்துவிடும். கோடு இருந்தால் அங்கேயே சொட்டி விழும். பல வீடுகளில் விலை கொடுத்து மூடிக்கல் வைத்தும் சுவர் நனைவது இந்த ஒரு கோடு இல்லாததால்தான்.

அடுத்தது அடிப்பகுதி. தோட்டத்து மண் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். உரம் போடுகிறோம், சருகு மக்குகிறது, செடி வைக்கத் தோண்டிய மண்ணைச் சுவரோரம் தள்ளுகிறோம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்ணைப் பழைய மட்டத்துக்கு வெட்டி இறக்கி, அந்தப் பள்ளத்தில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்புங்கள். மழை தெறிப்பது அதோடு பெருமளவு குறையும். சுவரை ஒட்டிய செடிகளை ஒன்றரை அடியாவது தள்ளி நடுங்கள். காற்று போக வழி வேண்டும். சுவரோரமாக சிமென்ட் தளம் போட்டு மூடிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். வேண்டாம். மண்ணின் ஈரத்துக்கு வெளியேற வேறு வழி இல்லாமல் அது சுவர் வழியாக ஏறும்.

தெருப் பக்கம் நம் கையில் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டது. மதிலின் முதல் இரண்டு மூன்று வரிக் கற்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அங்கே நாம் செய்யக்கூடியது, சாலைத் தண்ணீர் சுவரில் வந்து தேங்காமல் ஓடச் சிறு வாய்க்கால் அமைப்பதும், புதைந்த உயரம் வரை எமல்ஷனைத் தவிர்ப்பதும்தான்.

சுவரின் ஒரு பக்கம் மண் உயரமாக இருந்தால், தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கும். அவை வேராலும் மண்ணாலும் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பாசியை எடுப்பது

உயிரோடு இருக்கும் பாசியைத் தேய்த்தால் அது சுவர் முழுக்கப் பரவும். முதலில் காய வைக்க வேண்டும், பிறகு சுரண்ட வேண்டும், கடைசியில் மருந்து. மழை நின்று இரண்டு வாரம் வெயில் பட்டாலே தடித்த பாசி சுருங்கிப் பொருக்காகிவிடும். அப்போது பட்டித் தகட்டாலோ மரச் சில்லாலோ நெம்பினால் பாய் சுருட்டுவது போல வரும். கீழே சாக்கு விரித்து எல்லாவற்றையும் வாரி எடுத்துவிடுங்கள்.

மீதிக்கு மருந்து. நான் பரிந்துரைப்பது பென்சால்கோனியம் குளோரைடு. ரசாயனக் கடைகளில் 50 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். 1 லிட்டருக்கு 24 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 2 சதவீதம் ஆகும், அது போதும். காய்ந்த சுவரில், வெயில் தாழ்ந்த பிறகு, கைத்தெளிப்பானால் கீழிருந்து மேலாக நனையும்படி அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். கழுவ வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை பழுப்பாக மாறி உதிரும். விடாப்பிடியாக இருக்கும் இடத்தில் இன்னொரு முறை. மீன் தொட்டி, அல்லிக் குளம், கிணறு பக்கத்தில் இருந்தால் கவனம். மீன்களுக்கு இது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

பெரும்பாலோர் கையில் எடுப்பது பிளீச்சிங் பவுடர். வேலை செய்யும், அதுவும் உடனே வெளுத்துக் காட்டும். ஆனால் செங்கலுக்குள் உப்பை விட்டுச் செல்லும், அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். வேறு வழியில்லை என்றால், பவுடருக்குப் பதில் கடையில் கிடைக்கும் 4, 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற பிளீச்சிங் திரவத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். சுற்றியுள்ள செடிகளை முன்பே தண்ணீரால் நனைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இதை ஆசிட்டோடு சேர்க்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும்.

ஆசிட் என்றதும் நினைவுக்கு வருகிறது. தரை கழுவும் ஆசிட்டைச் சுவரில் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்பது உண்மைதான். பளிச்சென்று வருவது சுண்ணாம்புச் சாந்து கரைந்து போவதால். சுண்ணாம்புச் சுவரில் ஆசிட்டுக்கு இடமே இல்லை. மயில்துத்தமும் பாசியைக் கொல்லும், ஆனால் நீலப்பச்சைக் கறை விடும், இரும்பு கேட்டையும் கிராதியையும் அரிக்கும்.

வண்டி கழுவும் பிரஷர் வாஷரை இரவல் வாங்கி வந்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பழைய நாட்டுச் செங்கலில் அந்த அழுத்தம் கல்லின் வெந்த மேல்தோலை உரித்துவிடும், சாந்தை இடுக்கிலிருந்து பிடுங்கிவிடும், போதாததற்குச் சுவருக்குள் தண்ணீரையும் ஏற்றிவிடும். மூன்று மாதம் காயவைக்கப் போகிற சுவரை எதற்கு நனைக்க வேண்டும்? நைலான் பிரஷ் அல்லது தேங்காய் நார் பிரஷ், ஒரு வாளித் தண்ணீர் போதும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம்; உடைந்த கம்பித் துண்டுகள் கல்லில் தங்கித் துருக்கறையாகும்.

பின்பக்கம், யாரும் பார்க்காத நிழல் மூலையில், சாந்து கெட்டியாக இருக்கும் சுவரில் பாசி இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

பெயின்ட்டைச் சுரண்டுவது

மேலே என்ன பெயின்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்துணியால் தேய்த்ததும் துணியில் வண்ணம் கரைந்து வந்தால் டிஸ்டெம்பர். உலர்ந்த கையால் தடவும்போதே மாவாக ஒட்டினால் சுண்ணாம்பு. கரகரவென்று கெட்டியாக, சொரசொரப்பாக இருந்தால் சிமென்ட் பெயின்ட், அதாவது பலர் ஸ்னோசெம் என்றே சொல்வது. ரப்பர் மாதிரி நீண்டு தோலாக உரிந்தால் எமல்ஷன். பளபளப்பாக, ஒடிந்து சில்லாக உதிர்ந்தால் எண்ணெய் எனாமல்.

கடைசி வகை இருந்தால் எச்சரிக்கை. பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் எதையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டோ, கிரைண்டர் போட்டோ தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரித்துச் சில்லுகளைச் சேகரியுங்கள். என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். சில்லுகளைக் கீரைப் பாத்தியில் விழவிடவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது.

சுரண்டுவதில் நுட்பம் பெரிதாக இல்லை, பொறுமைதான். அகலமான பட்டித் தகட்டைச் சுவரோடு படுக்கை வாக்கில் வைத்து, உரிந்த விளிம்பிலிருந்து தள்ள வேண்டும். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தினால் கல் பெயரும். தானாக வருவது எல்லாம் வரட்டும். கெட்டியாகப் பிடித்திருப்பதை உடனே எடுக்கத் துடிக்க வேண்டாம். அதன் மேல் பிளேடால் சதுரமாகக் கட்டம் கீறி, அகலமான டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் பெயின்ட் வந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் நீக்கிகளைச் செங்கலில் தடவ வேண்டாம், மறுபடியும் உப்புப் பிரச்சினை. கேஸ் பர்னரால் வாட்டுவதும் வேண்டாம். ஈயம் இருந்தால் அது புகையாக நம் நுரையீரலுக்குள் போகும்.

சுரண்டி முடித்த பிறகு எவ்வளவு எமல்ஷன் மிச்சம் என்று பாருங்கள். கால்வாசிக்கும் குறைவு என்றால் அதையும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்பலாம். பாதிக்கு மேல் கெட்டியாக நிற்கிறது என்றால் அதோடு போராடிக் கல்லைக் கெடுப்பதைவிட, விளிம்புகளை ஈர உப்புத்தாளால் சமன் செய்து, எமல்ஷனிலேயே தொடர்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

உப்பு

சுரண்டிய சில நாளில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பயப்பட வேண்டாம், சுவர் காய்வதால் உள்ளே இருந்த உப்பு வெளியே வருகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். வாரத்துக்கு ஒரு முறை இப்படித் தட்டிக்கொண்டே வந்தால் பூப்பது குறையும். கடற்கரை ஊர்களில் முழுவதும் நிற்காது, உப்புக் காற்றே சுவரில் படிகிறதே.

சாந்து இணைப்புகளைச் சீராக்குவது

வெளுத்த நிறத்தில், சாவியால் கீறினால் உதிரும்படி இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில், கீறினால் கோடு மட்டும் விழுவது சிமென்ட். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் வேலையில் இறக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவரின் இடுக்கில் சிமென்டை வைத்து அடைத்தால் ஈரம் சாந்து வழியாகப் போக முடியாமல் கல் வழியாகப் போகும். சில வருடத்தில் சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோல் நிற்கும், நடுவில் செங்கல் குழிந்துபோயிருக்கும். பழைய தெருக்களில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

கெட்டுப்போன சாந்தை மெல்லிய உளியால் முக்கால் அங்குல ஆழத்துக்குத் தோண்டுங்கள். கோடு அகலமாக இருந்தால், அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம். உள்ளே சதுரமாக இருக்க வேண்டும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, முந்தின நாள் மாலையும் அன்று காலையும் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த நாட்டுச் செங்கல் புதுச் சாந்தின் தண்ணீரை உறிஞ்சி அதை மாவாக்கிவிடும்.

சாந்துக்கு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் சுர்க்கி, அதாவது நன்றாக இடித்துச் சலித்த செங்கல் தூள் சேர்த்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் பூச்சு வேலைக்கான பி-சாண்டை மாவு போகக் கழுவிப் பயன்படுத்தலாம். கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் பழைய முறையை இன்னும் கையாளும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் கைப்பக்குவத்துக்கே விட்டுவிடுங்கள். ஆரம்பத்திலேயே சிமென்டில் கட்டிய சுவர் என்றால் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை போதும். அதைவிடக் கெட்டியாக வேண்டாம்.

குறுகிய கரணையால் சாந்தை அழுத்தி, இரண்டு தடவையாக நிரப்பிக் கல்லின் முகத்தோடு சமமாகவோ ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) உள்ளேயோ நிறுத்துங்கள். கல்லின் மேல் வழியவிட்டு மெழுகக் கூடாது. சிமென்ட் மாதிரி இது மறுநாளே இறுகாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தாள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் சாக்கு நனைய வேண்டும்.

முகம் சிதைந்த கல்லை உளியால் வெளியே எடுத்துத் திருப்பி வைத்தால் பின்பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புதுக்கல் வாங்குவதானால் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை பாருங்கள். சாதாரணக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பூச்சு பொள்ளலாக இருக்கும் இடங்களையும் இதே சுண்ணாம்புச் சாந்தால் இரண்டு கோட்டாகப் பூசிக்கொள்ளலாம்.

காய விடுவது

கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஊறிய சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும். ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காற்றுப்பட்டால் நான்கைந்து மாதம். நம் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் காயலாம், ஆனால் ஊகித்துக்கொள்ள வேண்டாம். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் துளி கட்டியிருந்தால் எமல்ஷனுக்கு நேரம் வரவில்லை. அடியிலும் நடுவிலும் தலையிலும் தனித்தனியாக ஒட்டுங்கள். அடிப்பகுதி எப்போதும் கடைசியாகத்தான் காயும்.

என்ன அடிப்பது

பெயின்ட்டெல்லாம் போய்ச் செங்கல் சிவப்பாகத் தெரிந்ததும், இப்படியே விட்டுவிடலாமே என்று ஆசை வரும். கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால், ஆணியால் கீறி எளிதில் கோடு விழாவிட்டால், தாராளமாக விடலாம். மந்தமாக ஒலிக்கிறது, விரலில் சிவப்புத் தூள் ஒட்டுகிறது என்றால் அது மேலே பூசுவதற்கென்றே வாங்கிய கல். திறந்து விட்டால் மழை அதைத் தின்றுவிடும்.

வெறும் செங்கல்லுக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் என் முதல் தேர்வு சுண்ணாம்பேதான். கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் சுண்ணாம்பு என்ற வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் குனிந்து பார்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு நாள் ஊறிய பிறகு, 1 கிலோ சுண்ணாம்புக்கு 5 லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் சேர்த்து, துணியில் வடிகட்டுங்கள். பால் பதம்தான் சரி. கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் பொருக்காக உதிரும். நீலம் வெள்ளையைத் தூக்கிக் காட்டும். காவி சேர்த்தால் பழைய வீட்டுக்குப் பொருந்தும் மங்கிய சிவப்பு. வழக்கமாகச் சேர்க்கும் உப்பை, ஏற்கெனவே உப்புப் பூக்கும் சுவரில் தவிர்த்துவிடுங்கள்.

சுவரை லேசாக நனைத்து, நிழல் விழும் பக்கத்திலிருந்து, மட்டையால் முதல் கோட்டை மேலும் கீழுமாகவும் அடுத்ததைக் குறுக்காகவும் அடிக்க வேண்டும். மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. அடிக்கும்போது ஒன்றுமே ஏறாதது போலத் தண்ணீராகத் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் அவசரப்பட்டுக் கெட்டியாக்கிவிடுவார்கள்.

சிமென்டில் கட்டிய அல்லது சிமென்ட் பூசிய சுவரில் பழைய பெயின்ட் முழுவதும் போய்விட்டால் சிமென்ட் பெயின்ட் நல்லது. சுவரை நனைத்து அடித்து, காய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் காட்டாத சிமென்ட் பெயின்ட் மாவாகத்தான் போகும். எமல்ஷன் மிச்சமுள்ள சுவரில் சுண்ணாம்பும் பிடிக்காது, சிமென்ட் பெயின்ட்டும் பிடிக்காது. அங்கே வெளிப்புறப் பிரைமர் ஒரு கோட், பளபளப்பில்லாத வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட், அவ்வளவுதான். பாலிதீன் சோதனையில் தேறிய பிறகே அடிக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடிக்கு எமல்ஷனை ஏற்றாமல் நிறுத்திவிட முடிந்தால் நிறுத்துங்கள்.

உள்சுவருக்கான வெள்ளைப் பட்டியை மதிலில் பார்க்கக் கூடாது. ஈரம் காக்கும் ரப்பர் மாதிரிப் பூச்சுகளைக் கடைக்காரர் காட்டுவார். மேலிருந்து வரும் தண்ணீரை அவை தடுக்கும். ஆனால் மதிலுக்கு அடியிலிருந்தும் தண்ணீர் வருகிறது, அது வெளியேற வழியில்லாமல் போகும்.

பிறகு

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை சுவரைச் சுற்றி வாருங்கள். மூடிக்கல் இடுக்குகளில் விரிசல் இருந்தால் அடைக்க வேண்டும், தண்ணீர்த் துளைகளைக் குத்திவிட வேண்டும், சுவர்மேல் சாய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும், ஜல்லிமேல் சேர்ந்த சருகை வார வேண்டும். மழை முடிந்து தையில் பச்சை தெரியும் இடத்தில் மட்டும் மருந்து தெளித்தால் போதும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு கோட் போதும், பழையதைச் சுரண்டத் தேவையில்லை. அதைப் பொங்கலுக்கே அடித்துக்கொள்ளலாம்.